ஜெர்சி வடிவாயிருக்கு என்ற மரிசெல்

முதியோர் இல்லச் சலவையறையில் என்னோடு வேலை செய்பவர் பிலிப்பைன்ஸ்காரி மரிசெல். அவருடைய மகன் இங்கே ஜெர்மனியில் பிறந்தவன். எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் பின்கள வீரன். பிலிப்பைன்ஸ் தேசிய அணிக்கு அவன் தெரிவானபோது கேக் கொண்டுபோனதே நான்தான்.

நேற்று, முதுகில் அவன் பெயர் அடித்த எங்கள் ஊர் அணியின் புது ஜெர்சியை வாங்கிக்கொண்டுபோய் மரிசெலுக்குக் காட்டினேன். தடவிப் பார்த்து, வடிவாயிருக்கிறது என்றார்.

இன்று காலை பஸ்ஸில் கைபேசியைத் திறந்தால், அவன் எங்கள் பரம எதிரி அணிக்குப் போகிறான்!

நேரே போய்க் கேட்டேன். ஒரு மாதமாகத் தெரியுமாம். கையெழுத்தாகும்வரை வாய் திறக்கக்கூடாதென்று மகன் சொன்னானாம்.

"தாயல்லோ, அவ வேறை என்னத்தைச் செய்யிறது?" என்கிறார் என் கணவர்.

ஓம், மறைக்கட்டும். என் மகனென்றால் நானும் மறைப்பேன். ஆனால் அந்த ஜெர்சியைத் தடவியிருக்க வேண்டுமா, சொல்லுங்கள்?