மூடியின் மேல் மரத்தூள்

விமானக் கம்பெனியில் தச்சனுக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. என் மாமனாரே கேட்டார். பெண்ணைக் கொடுத்த பிறகு கேட்டார், அதுவரைக்கும் நல்லது. வேலை இதுதான். ஒரு விமானத்தை அலுமினியத்தில் செய்வதற்கு முன்னால், அதே அளவில் ஒட்டுப்பலகையில் ஒன்று செய்து பார்ப்பார்கள். சீட்டு, ஜன்னல், பெட்டி வைக்கிற அலமாரி, கதவு எல்லாம் மரத்தில். பெரிய பெரிய ஆட்கள் உள்ளே வந்து நடந்து, உட்கார்ந்து, தலையை இடித்துக்கொண்டு, "இதை ரெண்டு விரல் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தள்ளுவது நான். முப்பத்தோரு வருஷம் தள்ளினேன். நான் செய்த விமானம் ஒன்றுகூடப் பறந்ததில்லை. விழுந்ததும் இல்லை.

ஆனால் இது என் கதை இல்லை, தம்பியின் கதை. கூடப்பிறந்த தம்பி அல்ல. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டே எனக்குத் தம்பியாகிவிட்ட ஒரு இன்ஜினியர். கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் கக்கூஸ் இன்ஜினியர். இறக்கை வரைகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். இன்ஜின் பக்கம் வேலை செய்கிறவர்கள் காபி குடிக்கும்போதுகூட இன்ஜினைப் பற்றியே பேசினார்கள். இவர் மட்டும் கழிவறை வரைவதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரர், எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் கூடவே சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

அப்போது கம்பெனி ஒரே சமயத்தில் மூன்று விமானம் வரைந்துகொண்டிருந்தது. பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் நடுவே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பறக்கிற சின்ன ஜெட்டுகள். மூன்றுக்கும் ஒரே மூக்கு, ஒரே வால், ஒரே இறக்கை. உடம்பின் நீளம்தான் வேறு. பட்டறையில் நாங்கள் மூத்தவன், நடுவன், கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தோம். கழிவறை வால் பக்கம் இருந்தது. அதன் சுவரை ஒரு விரல் நகர்த்தினால் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்தே நகர்த்தியாக வேண்டும். ஆளுக்கொரு மாதிரி செய்தால் பிறகு குடும்பம் என்று எதற்குச் சொல்வது?

தம்பி ஏன் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவருக்கு ஒரு அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, கையால் சுற்றுகிற தையல் மெஷினை வைத்துக்கொண்டு தம்பியைப் படிக்க வைத்தவர். காலேஜில் சேர்க்கும்போது பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் கூடவே போனார். போய் இறங்கியபோது உதடு வெடித்துக் கண் சொருகிக் கிடந்தார். முந்தின நாள் மதியத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தாகமே எடுக்கவில்லை என்று முதலில் சாதித்திருக்கிறார். தம்பி விடாமல் கேட்ட பிறகுதான், "குடிச்சா வழியில எங்கடா போறது?" என்றாராம்.

கூடவே வளர்ந்த பிள்ளைக்குப் பதினேழு வயது வரைக்கும் அது தோன்றவே இல்லை. அதைத் தம்பி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "வெளிய கிளம்புறப்ப எங்க அக்கா பயமில்லாம ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்பார்.

ஆக, அக்காவுக்காகவே அகலமாக ஒரு கழிவறை வரைந்தார். நான் மரத்தில் செய்தேன். சீட்டுகளுக்கு நடுவே போகிற மாதிரி ஒல்லியாகச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் செய்தேன். அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை அக்காவை அழைத்து வந்தார். அக்கா வாசலில் நாற்காலியை நிறுத்தி ஒரு பார்வை பார்த்தார்.

"குறுக்கால நாற்பத்தெட்டு அங்குலம் இருக்குமா மேஸ்திரி?"

"நாற்பத்தெட்டேகால்."

"அந்தக் கால் அங்குலத்தையும் தம்பிக்குக் கொடுத்துட்டீங்களா, பரவாயில்லையே."

தையல்காரியின் கண். டேப் எல்லாம் வாடிக்கையாளரின் திருப்திக்குத்தான் போல.

அக்கா எழுவது கையால். இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முழங்கையை அகல விரித்து, உடம்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். விரிகிற முழங்கைக்குத்தான் இடம் வேண்டும். நாற்காலியோடு உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். "இங்கேயே குடித்தனம் பண்ணலாம்டா. வாடகை எவ்வளவு?" என்றார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அப்புறம் பார்த்தால், அக்காவின் பாவாடைக்குப் பின்புறம் பூராவும் மரத்தூள். காலையில் கைப்பிடிக்கு உப்புத்தாள் போட்டிருந்தேன், தூள் கம்மோடு மூடியின் மேல் படிந்திருந்தது. பிடிபிடி என்று பிடித்தார்.

"துணியோட அருமை தெரியாத மனுஷன் மேஸ்திரி நீங்க. ஒரு கந்தலை எடுத்து மூடியைத் துடைச்சு வைக்கக் கூடாதா?"

நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஏழெட்டு மாதத்தில் விமானம் வாங்க வந்தவர்கள் ஆரம்பித்தார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம். ஜன்னல் பெரிதாக வேண்டும் என்றார்கள், கொடுத்தோம். பிறகு கடைக்குட்டியில் எழுபத்திரண்டு சீட்டு போதாது, எழுபத்தாறு இருந்தால்தான் வாங்குவோம் என்றார்கள். அதாவது இன்னும் ஒரு வரிசை. தலைமை இன்ஜினியர் எங்கெங்கேயோ சுரண்டினார். முழங்கால் இடிக்கிற இடத்தில் கொஞ்சம், சாப்பாட்டு அலமாரியில் கொஞ்சம். அப்படியும் ஏழு அங்குலம் குறைந்தது. அது கழிவறையில்தான் இருந்தது.

தம்பி முடியாது என்றார். வாரக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசினார்கள், தம்பி அசையவில்லை. கடைசியில் தலைமை இன்ஜினியர், "உங்க அக்காவையே கூட்டிட்டு வாங்க. சின்னதா வெச்சுப் பார்ப்போம். அவங்க முடியும்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. முடியாதுன்னா நானே மேல போய்ச் சண்டை போடறேன்" என்றார். நியாயமான பேச்சு. அந்த மனுஷர் சண்டையும் போட்டிருப்பார், அது எனக்குத் தெரியும்.

நான் சுவரை ஏழு அங்குலம் தள்ளினேன். குறிப்பிட்ட நாளில் அக்கா வந்தார். தம்பியும் தலைமை இன்ஜினியரும் மாடியிலிருந்து இறங்கி வரக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பட்டறையில் அக்காவும் நானும் மட்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

மேலே இருக்கிறவர்களைத் திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். "ஒரு வரிசை சீட்டுக்காக என்ன கூத்து பண்றாங்க பாருங்கக்கா. இது நடக்கலைன்னா கடைக்குட்டியையே கைவிட்ருவாங்களாம். அது போச்சுன்னா மத்த ரெண்டும் நிக்காதாம். தம்பி செக்ஷன் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பேசிக்கறாங்க. மிரட்டறாங்கக்கா, வேற ஒண்ணுமில்ல."

அக்கா நூல் பிரிந்த தன் சட்டைக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் செக்ஷன்ல எத்தனை பேர்?"

"முப்பது பேர் இருக்கும்."

"எங்கிட்ட இதெல்லாம் சொல்லலையே அவன்."

"அவரு எங்க சொல்லுவாரு."

"உங்க பட்டறை?"

"நாங்க ஒட்டுப்பலகை ஜாதிக்கா. எங்களை முதல்ல அனுப்புவாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். அக்கா வாசலில் நாற்காலியை நிறுத்தி அதே பார்வை பார்த்தார். அளவு எதையும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெளியே வந்தார்.

"தாராளமா இருக்குடா. முன்னாடி இருந்தது வெட்டி இடம்."

"நிஜமா முடிஞ்சுதாக்கா?"

"உனக்குச் சட்டை தைச்சவ நான். எனக்கு அளவு சொல்லித் தர்றியா?"

தலைமை இன்ஜினியர் அக்காவுக்குக் கை கூப்பி நன்றி சொன்னார். அந்தச் சமயத்தில், கைப்பிடியின் திருகு ஆடுகிறதா பார்க்கலாம் என்று நான் உள்ளே நுழைந்தேன். அன்று காலையிலும் உப்புத்தாள் போட்டிருந்தேன், அன்றும் துடைக்க மறந்திருந்தேன். மூடியின் மேல் மரத்தூள் மாவு சலித்த மாதிரி மெல்லிசாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை அப்படியே இருந்தது. ஒரு விரல்கூட அதன் மேல் படவில்லை. அக்கா நாற்காலியை விட்டு எழவே இல்லை. சும்மா கதவைச் சாத்திக்கொண்டு ஆறு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடியைத் துடைத்தேன்.

ஏன் துடைத்தேன்? அக்காவின் பேச்சைக் காப்பாற்றினேன் என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். உன் பட்டறை பிழைக்கட்டும் என்று துடைத்தாய் என்று சில நாள் மனசு திருப்பிச் சொல்லும். இரண்டும் உண்மைதான். நான் வெளியே வந்ததும் தம்பி உள்ளே போனார். ஒரு நிமிஷம் நின்றார், சுற்றிப் பார்த்தார். வந்து வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டரை வருஷம் கழித்து முதல் கடைக்குட்டி தயாரானது. வேலை செய்தவர்களின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. அக்கா புதுசாக ஒரு பாவாடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஏறுவதற்கு முன்னால் மேடையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்காது.

மேலே போனதும் தம்பியே தண்ணீர் வாங்கி வந்தார். "குடிக்கா" என்றார். நான் பின் வரிசையில் இருந்தேன். அக்கா டம்ளரைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. அரை மணி நேரம்தானே என்றும் கணக்குப் போட்டிருப்பார். ஒரே மூச்சில் குடித்தார். தம்பி இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். அதையும் குடித்தார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார், சந்தோஷத்தில்.

இறங்கப் போகும் நேரத்தில், ஓடுபாதையில் ஏதோ வண்டி டயர் வெடித்து நிற்கிறது என்றார்கள். சுற்றினோம். ஒரு மணி நேரம் சுற்றிய பிறகு வேறு ஊருக்குப் போய் இறங்கச் சொன்னார்கள். அக்கா சீட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"அக்கா, போயிட்டு வந்துரலாம். நம்ம ரூம்தானே" என்றார் தம்பி.

"வேண்டாம்டா."

"இதுக்குத்தானேக்கா இத்தனை வருஷம்" என்று தம்பி சிரித்துக்கொண்டே ஒல்லி நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே கொண்டுபோய் விட்டார். கதவைச் சாத்தவில்லை. திறந்திருந்தால் முழங்கைக்கு இடம் கிடைக்கும் என்றோ என்னவோ, சாத்த அக்கா விடவில்லை. அக்கா கையை ஊன்றினார். முழங்கை ஒரு பக்கம் சுவரில் இடித்தது. நாற்காலியைத் திருப்பி மறுபடி ஊன்றினார். அந்தப் பக்கம் இடித்தது. மூன்றாவது முறை அவர் முயலவில்லை. தம்பி நுழைந்து தூக்கிவிட அங்கே இடமும் இல்லை.

"அன்னிக்கு எப்படிக்கா உட்கார்ந்த?"

"அன்னிக்குக் கொஞ்சம் இளைச்சிருந்தேன்டா."

புதுப் பாவாடை நனைந்தது. தம்பி தன் கோட்டைக் கழற்றி அக்காவின் மடியில் போர்த்தினார். கோட்டைச் சரி செய்தார், மறுபடியும் சரி செய்தார். சீட்டுக்குத் திரும்பி வரும்போது மீதி எழுபத்து நாலு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். நானும் பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா நான்கு வருஷம் இருந்தார். தெருமுனையைத் தாண்டி எங்கேயும் போகவில்லை.

அந்தப் பயணத்துக்கு மறுவாரமே தம்பி பட்டறைக்கு வந்தார். ஒட்டுப்பலகைக் கடைக்குட்டி மூலையில் கிடந்தது. நேராக அந்தக் கழிவறைக்குள் போய், மூடியின் மேல் உட்கார்ந்து, அக்கா மாதிரி முழங்கைகளை விரித்தார். இரண்டு பக்கமும் இடித்தது. திரும்பத் திரும்ப விரித்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவிடம் நான் உளறியது, மூடியில் இருந்த தூள், என் துண்டு, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவர் மூடியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"எனக்காக அக்கா பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாதா? தாகமே எடுக்கலைன்னு பஸ்ல சாதிச்ச ஆளு. அதான் அன்னிக்கு உள்ள வந்து பார்த்தேன். மூடி பளிச்சுனு இருந்துச்சு. அக்கா உட்கார்ந்து எழுந்ததுல துடைஞ்சிருக்குன்னு நெனச்சேன். அதைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் எழுந்தார். மரக்கதவை மெதுவாகச் சாத்தினார்.

"வர்றேன் மேஸ்திரி" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.