கீபோர்டு இல்லாத கம்ப்யூட்டர்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'ஃப்யூஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அங்கே எலக்ட்ரீஷியன். வேலை சுத்தம், வாய் நீளம். யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் மின்சாரம் இரண்டு மணி நேரம் நிற்கும், கம்ப்யூட்டர்களை எல்லாம் பேட்டரி லைனில் மாட்டு என்று மேலாளர் உத்தரவு போட்டார். அக்கா மாடி மாடியாக ஏறி எண்ணினாள்: நாற்பத்தொன்று. அங்கேயே நர்ஸாக இருந்த அவள் தங்கை, சொட்டு மருந்து ஏற்றும் பெட்டிகளையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டாள்.

"அதுல கீபோர்டு இருக்கா? போய் வேலையப் பாருடி" என்று அக்கா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஒரு நோயாளியின் சொட்டு மருந்துப் பெட்டிக்குள் இருந்த பழைய பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அக்கா வயரைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். அங்கே தங்கை ஒரு கண் கைக்கடிகாரத்திலும் ஒரு கண் சொட்டிலுமாக எண்ணிக்கொண்டிருந்தாள். கூடினால் குழாயில் இருந்த திருகை இறுக்கினாள், குறைந்தால் தளர்த்தினாள். படுக்கையில் கிடந்தவரின் உயிர் அந்த அளவை நம்பித்தான் இருந்தது.

அக்கா அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அடப்பாவமே, அந்தப் பெட்டி இதைத்தானே செய்துகொண்டிருந்தது! எண்ணி, உள்ளே எழுதி வைத்த கட்டளையோடு ஒப்பிட்டு, அதன்படி கூட்டிக் குறைத்து. டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்றால் வேறென்ன? இவள் திரையையும் கீபோர்டையும் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறாள்.

நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் பெட்டியை சார்ஜ் செய்யாதது நர்ஸின் கவனக்குறைவு என்று எழுத மேலாளர் பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா பேசாமல் நின்றிருந்தால் தப்பித்திருப்பாள். தங்கையின் வேலை போயிருக்கும்.

"பட்டியல் போட்டது நான் சார். அவ கேட்டா, நான்தான் சேர்க்கல" என்றாள்.

மூன்று மாதம் சஸ்பென்ஷன். மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் கேட்டத ஏன்க்கா சொன்னே? அவருக்குத் தெரிஞ்சிருக்காதே."

"உன்ன இதுவரைக்கும் எத்தன தடவ வாயடைச்சிருக்கேன்னு யோசிச்சேன்டி," என்றாள் அக்கா. "எண்ண முடியல."