தேங்காய் எழுந்து நின்ற இடம்

காலை ஏழே காலுக்குக் கந்தர்வக்கோட்டைச் சாலையில் பஸ்ஸுக்காக நின்றபோது, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒரு பெண் முந்திரிக் கொல்லைக்குள் நடப்பதைப் பார்த்தேன். பதினைந்து வயதிருக்கும். வயதை மீறிய உயரம். புதிதாகக் கட்டிய தாவணியைத் தானே மிதித்துத் தடுமாறினாள். தோளில் பள்ளிக்கூடப் பை. நிலத்தடியில் தண்ணீர் இருந்தால் அவள் கையில் தேங்காய் எழுந்து நிற்கும் என்றார் பக்கத்தில் நின்றவர். ஊரே அவளுக்குப் பயந்தது. அவள் ஒரு கோழிக்குப் பயந்து ஒதுங்கி நடந்தாள்.

கிணறு வெட்ட இடம் வேண்டி அவளுடைய பெரியப்பா பின்னாலேயே வந்தார்.

“பரீட்சை இருக்கு பெரியப்பா. பஸ்ஸு போயிரும்.”

“தண்ணியக் காட்டிட்டுப் போ ஆத்தா. பரீட்சை எங்கிட்டு ஓடிரப் போவுது?”

தூரத்தில் ஹாரன் கேட்டது. அவள் நடை சாலைப் பக்கம் திரும்பியது. வேலி ஓரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேரே, தேங்காய் எழுந்து நின்றது. பெரியப்பா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். தேங்காயை அவர் கையில் திணித்துவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள்.

நானும் அவள் பின்னாலேயே ஏறினேன். தேங்காய் எழுந்தபோது அவளுடைய கட்டைவிரல் அசைந்ததை நான் பார்த்திருந்தேன். “நெசமா அங்க தண்ணி இருக்காம்மா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தெரியலீங்க. நான் பஸ்ஸத்தான் பாத்தேன்.” படிக்கட்டில் மாட்டிய தாவணியை இழுத்துக்கொண்டே, “பெரியப்பாகிட்டச் சொல்லிராதீங்க” என்றாள்.

அடுத்த கோடையில் அதே பஸ்ஸில் போனேன். வேலி ஓரத்தில் கிணறு இருந்தது. கண்டக்டர் இறங்கிப்போய், அதில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வந்து ரேடியேட்டரில் ஊற்றினார்.