நெஞ்சில் ஒன்றுமில்லை

அவரை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிட்டார்கள். அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே கிரேன், அதன் உச்சியில் உள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுவது அவர் தொழில். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையை மிதிப்பார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில், மூன்றும் ஒரே தோள்பையில் கூடவே ஏறும். “ரெண்டு பாட்டிலையும் மாத்தி எடுத்துடாதய்யா” என்று கீழே கம்பி கட்டுகிறவர்கள் தினமும் சொல்வார்கள். தினமும் சிரிப்பார்கள்.

பத்தொன்பது வருடமாக அவர் தூக்கிய எதுவும் யார் தலையிலும் விழுந்ததில்லை. நான்கு டன் தூணை முட்டை வைப்பது போல இறக்கி வைப்பார் என்று பேர் வாங்கியிருந்தார். தரையில் வாய் திறக்காத மனிதர், கூண்டுக்குள் போய்விட்டால் வாக்கி டாக்கியில் ஓயமாட்டார். கீழே நின்று “தூக்கு, இறக்கு, நிறுத்து” என்று வழி சொல்லும் சிக்னல்காரருக்கும் அவருக்கும் பதினொரு வருடப் பழக்கம். முகம் பார்த்துப் பேசியதைவிடக் குரல் கேட்டுப் பேசியதுதான் அதிகம்.

அது நடந்த அன்றைக்கு வேறு எதுவுமே நடக்கவில்லை. பின்னால் எத்தனையோ டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். வீட்டில் சண்டையா? யாராவது திட்டினார்களா? கெட்ட சேதி ஏதும் வந்ததா? ஒன்றுமில்லை. காற்றுகூட அடங்கித்தான் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். கம்பிக் கட்டு ஒன்று பாதி தூரம் மேலே வந்திருந்தது. திடீரென்று நெஞ்சுக்கு நடுவில் யாரோ கையை விட்டுப் பிசைவது போல இருந்தது. அடுத்த நொடி இதயம் தறிகெட்டு அடிக்க ஆரம்பித்தது. கழுத்து, காது, பல்லின் வேர் என்று எங்கு பார்த்தாலும் அதே அடி. விரல் நுனிகள் மரத்துப் போயின. ‘சாகப் போறேன், இந்தக் கூண்டுக்குள்ளேயே சாகப் போறேன்’ என்று தோன்றியது. ஆனால் கை மட்டும் தன் வேலையை விடவில்லை. கம்பிக் கட்டை அங்குலம் அங்குலமாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார்.

“என்ன மேகம், சத்தத்தையே காணோம்?” என்றார் சிக்னல்காரர்.

“நெஞ்சு” என்று மட்டும் பதில் வந்தது.

நான்கு பேர் ஏறிப் போய், இடுப்பில் வாரைக் கட்டி, படி படியாக இறக்கினார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ பார்த்தார்கள், மறுநாள் டிரெட்மில்லில் மூச்சிரைக்க நடக்க விட்டார்கள். கடைசியில் டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “உங்க இதயம் உங்களைவிடப் பத்து வயசு இளசா இருக்கு. தைரியமா வீட்டுக்குப் போங்க.”

மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை அவளுக்கு. இரண்டு நாளாக ஒரு சட்டை தைக்கவில்லை, ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து வயிறார உண்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போனாள். அவருக்கும் தலையிலிருந்த பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. சரியாகப் பதினாறு நாள் அப்படி இருந்தது.

பதினேழாம் நாள், ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தபோது மறுபடியும் அந்தக் கை நெஞ்சுக்குள் நுழைந்தது.

அதற்குப் பிறகு அது நினைத்தபோதெல்லாம் வந்தது. பஸ்ஸில் வந்தது, குளிக்கும்போது வந்தது, பாதிச் சாப்பாட்டில் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். கை நரம்பு வழியாகக் குழாயை விட்டு, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்கள். ஒரு அடைப்பு கிடையாது. இன்னொரு இடத்தில் இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்கிற கருவியை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். அன்றைக்கென்று பார்த்து அது வரவேயில்லை. ரிப்போர்ட்டுகள் சேரச் சேர ஃபைல் தலையணை கனத்துக்குப் போயிற்று. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் அதே சொல்: நார்மல். அந்தச் சொல்லைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வந்தது.

மனைவியின் அண்ணனுக்கு முந்தைய வருடம் இதய ஆபரேஷன் நடந்திருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் மேலிருந்து கீழே ஓடும் தழும்பைக் காட்டுவார். அவர் இருமினால் வீடே எழுந்து நிற்கும்.

“மாப்ள, எனக்கு மூணு அடைப்பு. உங்களுக்கு ஒண்ணுகூட இல்லையே, சந்தோஷப்படுங்க” என்றார்.

“வலிக்குது மச்சான்.”

“வாயுவா இருக்கும். என்னைப் பாருங்க, நெஞ்சையே பொளந்தாங்க, நான் பயந்தேனா?”

மேகம் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கும் அப்படி ஒன்று இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்களே என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே தன்மேலேயே அருவருப்பு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்காவதாகப் பார்த்த டாக்டர், வயதான ஒரு அம்மா, அவரை அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். பிறகு, “வலி நிஜம். நீங்க கற்பனை பண்ணலை. ஆனா கோளாறு இதயத்துல இல்ல, பதற்றத்துல. உடம்பு ஆபத்து வந்துட்டதா நினைச்சுத் தானா மணி அடிக்குது” என்று சொல்லி, மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். மேகமும் போனார். மாத்திரை கொடுத்தார்கள். மூச்சை எப்படி இழுத்து எப்படி விடுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் அடி கொஞ்சம் அடங்கியது. இரண்டு வாரம் வலியே இல்லாமல் போனது. வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

மறுபடி வேலைக்குப் போனபோது, பாதுகாப்பு அதிகாரி மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“இது தூக்கம் வர்ற மாத்திரை. இதைச் சாப்பிடுறவங்களை மேலே ஏத்தக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“சாப்பிடலைன்னா நெஞ்சு பிசையுது சார்.”

“அப்படின்னாலும் ஏற முடியாதே.”

பேச்சு அதோடு முடிந்தது. மாத்திரை போட்டால் கிரேன் இல்லை, போடாவிட்டால் நெஞ்சு விடாது. கிரேனைத் தவிர அவருக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, “டாக்டரே நிறுத்திட்டார்” என்று அதிகாரியிடம் பொய் சொன்னார். வீட்டில், சாப்பிடுவதாக ஒரு பொய். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

எட்டு நாள் ஓட்டினார். ஒன்பதாம் நாள் கான்கிரீட் தொட்டியைப் பன்னிரண்டாம் தளத்துக்கு மேலே கொண்டுபோயிருந்தபோது அது வந்தது. முன்பெல்லாம் கையாவது சொன்னபடி கேட்கும். இந்தத் தடவை கையும் விறைத்துக்கொண்டது. தொட்டி ஊசலாடத் தொடங்கியது. அதன் கீழே ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

சிக்னல்காரர் முதலில் அவர்களை விரட்டினார். பிறகு வாக்கி டாக்கியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “மேகம், நான் சொல்றதை மட்டும் கேளு. உன் நெஞ்சை விடு, என் குரலைப் பிடி. இடது கை, கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நிறுத்து. ஆட்டம் அடங்கட்டும். இப்ப இறக்கு. மெதுவா. மெதுவாய்யா.” அவர் குரலில் நடுக்கமே இல்லை. தொட்டி தரையைத் தொட்டதும் சிக்னல்காரர் மணல் குவியலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

யாருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. மேகம் தானாகவே இறங்கி வந்தார். சிக்னல்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் சொல்லித்தான் ஆகணும், மேகம்.”

“சொல்லு.”

“உனக்கும் பிள்ளை இருக்கு. அந்த ஏழு பேருக்கும் இருக்கு.”

“தெரியும். சொல்லுன்னுதானே சொல்றேன்.”

சிக்னல்காரர் எழுந்து அலுவலக அறைக்குப் போனார். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். மேகம் தலையைக் குனிந்துகொண்டார்.

பழைய ஆள் என்பதால் வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலில் ஒரு தகரக் கொட்டகையும் நாற்காலியும் கொடுத்து, உள்ளே வருகிற லாரிகளின் நம்பரை எழுதச் சொன்னார்கள். மாத்திரையை மறுபடி தொடங்கினார். உயரம்தான் காரணம், தரைக்கு வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. நான்காம் நாளே, நம்பரை எழுதிக்கொண்டிருக்கையில் பேனா கையிலிருந்து நழுவியது. தரையிலும் அது விடவில்லை. மாத்திரையும் முன்பு கேட்ட அளவுக்குக் கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்கள், வேறொன்றுக்கு மாற்றினார்கள். பகலெல்லாம் சாம்பல் பூத்தது போல ஒரு மந்தம் மட்டும் மிஞ்சியது.

எந்நேரமும் இரண்டு விரல் கழுத்து நரம்பின் மேல் இருக்கும். எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணினால் கூடும். கூடினால் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் கூடும். அது அவருக்கே தெரியும். தெரிந்தும் விரலை எடுக்க முடியவில்லை.

மனைவி ஆரம்பத்தில் அவர் நெஞ்சில் கை வைத்தாலே தண்ணீரோடு ஓடி வருவாள். பிறகு, இருந்த இடத்திலிருந்தே “மூச்சை இழுத்து விடுங்க” என்றாள். பிறகு அதையும் விட்டாள். அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. ஒரு மனிதன் வாரத்துக்கு மூன்று தடவை சாகப் போவதாகச் சொன்னால், கேட்கிறவள் எத்தனை தடவைதான் பதறுவாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கிக் கேட்டாள்: “அப்பா, இப்ப வலிக்குதா? இல்ல, வலிக்கும்னு பயமா இருக்கா?”

“எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலைம்மா.”

அவள் தலையாட்டிவிட்டு நோட்டுக்குத் திரும்பினாள். அடுத்த அறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை.

இப்போது அந்தக் கூண்டில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிக்னல்காரர் டீ வேளையில் கொட்டகைக்கு வருவார். முதல் சில மாதங்கள் “எப்ப மேலே வர்றே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்காமல் விட்டார். மறுநாளும் கேட்கவில்லை. இருவரும் டீயைக் குடித்துவிட்டு, வந்து நிற்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை.

போன மாதம் ஏழாவது தடவையாக ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாள் வெளியே வந்ததும் நர்ஸ் அவரை அடையாளம் கண்டுகொண்டு, “எல்லாம் நல்லா இருக்குண்ணே” என்றாள்.

“சரிம்மா” என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவரும் போய் நின்றார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது நெஞ்சுக்குள் அந்தக் கை நுழைந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். அவர் கம்பத்தைப் பிடித்தபடி அந்த பஸ்ஸைப் போக விட்டார்.