மூச்சு மட்டும் கேட்கிறது

அடையாள அட்டையில் இப்படி இருந்தது: ‘பொது உதவியாளர், மூன்றாம் நிலை. துணி பிரித்தல், மடித்தல். தொழில்நுட்பப் பொறுப்பு ஏதுமில்லை.’

அட்டையை எழுதியவர் அந்தச் சலவைக்கூடத்துக்குள் கால் வைத்தவரல்ல. அங்கே அந்த மூன்றாம் நிலைக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர். எந்த இயந்திரம் முனகினாலும், கையிலிருந்த படுக்கைவிரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் காது கொடுப்பார். பிறகு மெக்கானிக்கான தன் கொழுந்தனைக் கூப்பிட்டு, போனை இயந்திரத்தின் வயிற்றில் வைப்பார். ஊரின் மறுகோடியிலிருந்து கொழுந்தன் அரை நிமிடம் கேட்டு, “பெல்ட்டு தளர்ந்திருக்கு அண்ணி” என்பார். தளர்ந்துதான் இருக்கும். ஆறு வருடமாகக் கூடம் இந்த வைத்தியத்தில்தான் ஓடியது. நிர்வாகம் இதைப் ‘பராமரிப்புத் திட்டம்’ என்று எழுதி வைத்திருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன் மகள் ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தாள். பழைய பட்டன் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டதை மறுநாள்தான் சொன்னாள். முதல் வாரம் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு பெருமைக்கு வேலை இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் கூடத்தில் ஒருவரும் டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டதில்லை. இந்தப் போன் நாளைக்குப் பத்துத் தடவை கேட்டது. வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்ய மறுத்தது.

“நேத்து எத்தனை அடி நடந்தேன்னு சொல்லுது. நான் கேட்டேனா?”

“உடம்புக்கு நல்லதும்மா.”

“நடந்தது நானு. கால் வலிக்கிறதுலயே தெரியுதுடி.”

இதெல்லாம் சில்லறைக் கோபம். மொத்தக் கோபம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

பெரிய பிழியும் இயந்திரம் அன்று முனகியது. அறுபது கிலோ ஈர விரிப்பை வாங்கிக்கொண்டு தலைதெறிக்கச் சுழலும் இயந்திரம் அது. ரீங்காரத்துக்கு அடியில் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். பேரிங்காக இருக்கும் என்று பட்டது. அந்த வேகத்தில் பேரிங் போனால் உருளை பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எதிரே இரண்டு பெண்கள் நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பக்கம் போங்கடி” என்றார். அவர்கள் மேலாளரின் அறையைப் பார்த்தார்கள், நகரவில்லை.

கொழுந்தனைக் கூப்பிட்டார். “தம்பி, கேளு.”

போனை வைத்தார்.

“என்னத்தக் கேக்க? மிஷினைப் போடுங்க அண்ணி.”

“ஓடிக்கிட்டுதான்யா இருக்கு. காது கிழியுது.”

“இங்க உங்க மூச்சு மட்டும்தான் கேக்குது. கண்ணாடி மாதிரி தெளிவா கேக்குது.”

அப்போதுதான் போன் வந்த பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் கொட்டை எழுத்தில் இருந்ததை மகள் உரக்கப் படித்துக் காட்டியிருந்தாள்: சுற்றுப்புற இரைச்சலை நீக்கி, உங்கள் குரலை மட்டும் அனுப்பும். அம்மா சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்பது மகளின் நெடுநாள் குறை. அந்தக் குறையைப் போன் தீர்த்துவிட்டது: நோயாளியை வெளியே நிறுத்திவிட்டு டாக்டரை மட்டும் உள்ளே விட்டது.

“பதிவு பண்ணி அனுப்புங்க” என்றார் கொழுந்தன். டாக்டரம்மா அழுத்தினார். ஒலியைப் பதிய அனுமதிக்கவா என்றது, அனுமதித்தார். சேமிக்க அனுமதிக்கவா என்றது, அனுமதித்தார். புதிய பதிப்பு வந்திருக்கிறது, சற்றுப் பொறுங்கள் என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

மேலாளர் வந்து போனை வாங்கினார். “என்ன மெக்கானிக், ஏதாவது கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலை சார்.”

“அப்போ ஒண்ணும் இல்லை. பன்னெண்டு மணிக்கு விரிப்பு எடுக்க ஆஸ்பத்திரி வண்டி வந்துரும், ஓடட்டும்.”

“சார், உங்க காதுலயுமா விழலை?”

“மிஷின்னா சத்தம் போடத்தான் செய்யும். வேணும்னா என் போன்ல பேசிப் பாருங்க.” அவருடையது இன்னும் புதுசு. அதில் மூச்சுகூடக் கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு உச்சிவரை ஏறியது. தன் போனையே பிடுங்கி வாயருகே வைத்து, பல்லைக் கடித்து, தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தையே எழுப்பினார். ர்ர்ர்-நற, ர்ர்ர்-நற. ஐம்பத்திரண்டு வயதுக்காரர் செய்கிற காரியமல்ல. மடிக்கும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மனிதக் குரல்தானே என்று போன் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மறுமுனையில் சிரிப்பு இல்லை. “எவ்வளவு நேரமா இப்படி?”

“அரை மணி இருக்கும்.”

“நிறுத்துங்க அண்ணி. நான் வரேன்.”

“அவங்க வாயால பண்ணின சத்தத்துக்கு மிஷினை நிறுத்தறதா?” என்றார் மேலாளர். “சுவிட்சுல கை வெச்சீங்க, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்.”

பிற்பகலில் கொழுந்தன் கழற்றியபோது பேரிங் மூன்று துண்டாக வெளியே வந்தது. நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னதை மேலாளர் மறந்துவிட்டார், டாக்டரம்மா மறக்கவில்லை. ‘நிர்வாகம் தக்க நேரத்தில் நடவடிக்கை எடுத்தது’ என்று அறிக்கை மேலே போயிற்று.

நடவடிக்கை இதுதான்: பதினொன்று பத்துக்கு டாக்டரம்மா மெயின் சுவிட்சை இறக்கினார், சுவிட்சுப் பெட்டியைப் பூட்டினார், கொழுந்தன் வந்து சேரும்வரை சாவியை யாருக்கும் கொடுக்கவில்லை.