அண்ணன் சறுக்கிய சுரம்

என் அண்ணன் ஜாஸ் சாக்ஸபோன்காரன். ரசிகர்கள் வைத்த பெயர் "சறுக்கல்". திட்டு இல்லை, பட்டம். அதில் பாதி எனக்கு வரவேண்டியது. இதைச் சொல்லாமல் அவன் கதையை என்னால் சொல்ல முடியாது.

தீயணைப்புப் படையின் பேண்டில்தான் ஊதக் கற்றுக்கொண்டான். பிறகு ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு அறையில், லிஃப்டுக்குப் பக்கத்தில், எங்கள் குழுவுக்கு இடம் கிடைத்தது. நான் பியானோ. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் அதன் மணி பாட்டுக்குள் வந்து விழும். அண்ணன் அந்த மணியையும் பிடித்து ஊதிக்காட்டுவான். சாப்பிடுகிறவர்கள் ஸ்பூனை வைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். வீட்டில் அம்மாவும் அவன் தொண்டைக்குத்தான் வெந்நீர் வைப்பாள். என் விரலுக்கு யார் வைத்தார்கள்? வயிறு எரியாதா?

அங்கேதான் ஒருநாள் ரெக்கார்டிங். மெதுவான பாட்டு, நடுவில் அவன் தனியாக ஊதும் இடம். உச்சத்துக்குப் போகவேண்டியவன் அரைச் சுரம் கீழே ஊதித் தொலைத்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் நான் பியானோவில் கார்டை, அதாவது அவன் சுரத்துக்கு அடியில் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டை, அதற்கேற்ப மாற்றிப் போட்டேன். தப்பு அழகாகிவிட்டது. அவனும் விடாமல் அதையே திரும்பத் திரும்ப ஊதினான். ஜாஸில் ஒருமுறை செய்தால் தப்பு, மறுபடி செய்தால் பாணி. ரெக்கார்ட் பிய்த்துக்கொண்டு போனது. கப்பலில் வாசிக்கக் கூப்பிட்டார்கள், கல்லூரியில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் அந்தச் சறுக்கலைத்தான் கேட்பார்கள். நான் கார்டை மாற்றுவேன், கைதட்டலை அவன் வாங்கிக்கொள்வான். "தம்பிதான் காப்பாத்தினான்" என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

முன்பற்கள் ஆடத் தொடங்கியதும், இனி ஊதப்போவதில்லை என்று அறிவித்தான். கடைசிக் கச்சேரி. எனக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. இன்றைக்குக் கார்டை மாற்றப்போவதில்லை, அவன் தப்பு அம்மணமாக நிற்கட்டும் என்று கறுவிக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்தேன்.

அந்த இடம் வந்தது. எழுதியிருந்தபடியே கார்டைப் போட்டேன். அவனும் எழுதியிருந்தபடியே ஊதினான். துளி பிசகில்லை! சபையில் சலசலப்பு. ஏமாந்துபோனவர்கள் ஒப்புக்குக் கை தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் அவன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். கண்ணெல்லாம் ஈரம்.

"அப்பாடா! கடைசி நாள்லயாவது அந்தக் கார்டைச் சரியாப் போட்டியே!"

"என்னண்ணா சொல்றே?"

"அன்னிக்கு ரெக்கார்டிங்ல நீதானேடா தப்பாப் போட்டே? உன் மானம் போயிடக் கூடாதேன்னு நான் சுரத்தை இறக்கிட்டேன். அப்புறம் எப்பவும் நீ அப்படியேதான் போட்டே, நானும் மறைச்சு மறைச்சு ஊதினேன். யார்கிட்டயாவது வாயைத் திறந்திருப்பேனா? மனசு கஷ்டப்படுவியேன்னு உன்கிட்டயே சொல்லலையே!"

பெயரை எடுத்துக்கொண்டான், கைதட்டலை எடுத்துக்கொண்டான். கூடப்பிறந்தவனுக்காக வாய்மூடிக் கிடந்த பெருமை ஒன்றாவது எனக்கு மிச்சம் என்று நினைத்திருந்தேன். அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.