செம்பூர் – மாட்டுங்கா – தாராவி: ஃபோனை அடக்கிவைத்து ஒரு சனிக்கிழமை

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை எனக்கும் கணவர் சுரேஷுக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் அனன்யா, முந்தின நாளே நவி மும்பையின் கோபர்கைரனேயில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தால் ஆளுக்கொரு மூலையில் ஃபோனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று தெரியும். என் ஃபோனின் வாராந்திரக் கணக்கு, தினமும் சராசரி ஐந்து மணி நேரம் என்று காட்டியது. ஆகவே செம்பூரிலிருந்து மாட்டுங்கா, அங்கிருந்து தாராவி, மாலையில் வீடு என்று ஒரு சின்னப் பயணம். அதுவும் ஃபோனை அடக்கிவைத்துக்கொண்டு.

கிளம்பும் முன் செய்தவை: வீடியோ, சமூக ஊடக ஆப்களுக்கு நாளுக்குப் பத்து நிமிடம்தான் என்று டைமர் வைத்தோம். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினோம். ‘டோன்ட் டிஸ்டர்ப்’ போட்டு, குடும்பத்தினர் ஆறு பேரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி செய்தோம். மற்ற யார் கூப்பிட்டாலும் சத்தம் வராது. ரயில் டிக்கெட், யுபிஐ, மேப் மூன்றையும் தொடவில்லை. அவற்றையும் பூட்டிவிட்டு மும்பையில் வெளியே இறங்க முடியாது.

காலை எட்டரைக்கு செம்பூரில் ஹார்பர் லைன் ரயில். குர்லாவில் மாறி, சென்ட்ரல் லைனில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் அடுத்தது சயான், அதற்கடுத்தது மாட்டுங்கா. ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ஃபாஸ்ட் லோக்கலில் ஏறிவிடாதீர்கள், அது மாட்டுங்காவில் நிற்காது. ரயிலில் என் கை நாலைந்து முறை தானாகப் பைக்குள் போனது. எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. பார்க்க ஆசையே வரவில்லை, திரும்ப வைத்துவிட்டேன்.

மாட்டுங்காவில் இட்லி, வடை, ஃபில்டர் காபி. இரண்டு பேருக்கும் சேர்த்து இருநூற்று எழுபது ரூபாய். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் போனால் இருபது நிமிடமாவது வரிசையில் நிற்க வேண்டும். பிறகு பூக்கடைகள். சுரேஷ் செவ்வந்திக் குவியலைப் படமெடுக்கப் போய், “என்ன இது, சாம்பலக் கொட்டினாப்ல இருக்கு” என்று ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உண்மையில் படம் கலரில்தான் பதிவாகும், திரைதான் அப்படிக் காட்டும். நான் சொல்லவில்லை.

வெகுநாள் கழித்து இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டே நடந்தோம். அனன்யா அன்று முதன்முறையாகத் தனியாக ரயிலில் வீடு திரும்பப் போகிறாள் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. வாஷியில் ஒரு முறை மாற வேண்டும், அவ்வளவுதான். சாவி அவளிடம் இருந்தது.

மதியம் டாக்ஸியில் தாராவி. சுமார் மூன்று கிலோமீட்டர், அறுபது ரூபாய். சுரேஷுக்கு ஆபீஸ் தோல்பை வாங்குவதுதான் நோக்கம். இரண்டாவது கடையில் ஒன்று பிடித்தது. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். “நல்லா இழுத்துப் பாருங்க, தையல் அசையாது” என்று அவர் பையை நீட்டியபோது என் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். இது எப்படி ஒலிக்கிறது என்று யோசித்தபடியே எடுத்தேன்.

“அம்மா, நான்தான்.”

“யார் நம்பர்டி இது?”

“என் ஃபோன் போயிடுத்தும்மா. பேக் ஜிப் தொறந்து கெடக்கு. வாஷில நிக்கறேன். டிக்கெட், பைசா எல்லாம் அதுலதான் இருந்தது.” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

அவளுக்கு ஃபோன் கொடுத்து உதவிய பெண் அதை வாங்கி, தான் பன்வேலுக்குப் போவதாகவும், நாங்கள் வரும்வரை பிள்ளையோடு டிக்கெட் கவுன்டர் பக்கத்திலேயே இருப்பதாகவும் ஹிந்தியில் சொன்னார். “டென்ஷன் மத் லோ, தீதி” என்றார், கவலைப்படாதீர்கள் அக்கா என்று.

சுரேஷ் ஃபோனில் கேப் தேட ஆரம்பித்தார். கடைக்காரர் தடுத்தார். “இந்த நேரம் ரோட்டுல மாட்டிக்கிடுவிய, சார். வெளிய ஆட்டோ நிக்கும், சயான் போய் ரயில்ல ஏறுங்க. பை எங்கயும் போவாது, பெறவு வாங்கிக்கிடலாம்.”

சயான், குர்லா, வாஷி. வழியில் ஃபோனைப் பார்த்தேன். அதே நம்பரிலிருந்து முதலில் ஒரு அழைப்பு வந்து, சத்தமில்லாமல் போயிருந்தது. ஒரே நம்பர் சில நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் ஒலிக்க விடும் வசதி அந்த செட்டிங்கிலேயே இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தது என் சாமர்த்தியமில்லை, ஃபோனில் அப்படியே வந்தது. அனன்யா ஒரு முறையோடு விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

வாஷியில் அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் வடாபாவ் தின்றுகொண்டிருந்தாள். எங்களுக்காக அந்தப் பெண் மூன்று ரயிலை விட்டிருந்தார். வடாபாவுக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டு, அடுத்த பன்வேல் வண்டியில் ஏறிப் போனார். ரயில்வே போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம், சிம்மை முடக்கினோம். ஃபோன் இதுவரை கிடைக்கவில்லை.

இனி இதுபோல் கிளம்புகிறவர்களுக்கு. டைமரும் கறுப்பு வெள்ளைத் திரையும் நிச்சயம் வேலை செய்கின்றன, எங்கள் வீட்டில் இன்னும் தொடர்கின்றன. ஆனால் அழைப்புகளை அடக்கும் முன், இரண்டாம் முறை வரும் அழைப்பு ஒலிக்குமா என்று வேறொரு ஃபோனிலிருந்து சோதித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பையில் தாளாக நூறு ரூபாய் வையுங்கள், ஃபோன் போனால் டிக்கெட்டும் போய்விடும்.

அன்று வீடு திரும்பும் ரயிலில் அனன்யாவைக் கேட்டேன், என் நம்பர் எப்படி ஞாபகம் இருந்தது என்று. “நர்சரில ஸ்கூல் பஸ்ஸுக்காக நீதானே மனப்பாடம் பண்ண வெச்சே” என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “நீ சொல்லுப்பா, அம்மா நம்பர்” என்றாள்.

சுரேஷ் ஐந்தாவது எண்ணோடு நின்றுவிட்டார். கை சட்டைப்பைக்குப் போனது. அனன்யா அதைப் பிடித்துக்கொண்டாள். மான்குர்த் வருவதற்குள் மூன்று முறை தப்பாகச் சொல்லி, செம்பூருக்கு முந்தின ஸ்டேஷனான கோவண்டியில் சரியாகச் சொன்னார்.